கயிறு பிடித்து நட்ட கோரை

எனக்கு வாய் ஜாஸ்தி. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னோடு நடவுக்கு வருகிற பவானி சொல்வாள். கூலியைக் குறைக்கப் பார்த்த பண்ணைக்காரரை வரப்பிலேயே நிறுத்திவைத்து, அவர் பாட்டன் காலத்திலிருந்து இழுத்துக் கேள்வி கேட்ட வாய் இது. கள்ளக்குறிச்சிப் பக்கம் அமலோற்பவம் செட்டு, அதாவது என் நடவுக் கூட்டம், என்றால் நடவு வைக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். திருக்கோவிலூரிலிருந்துகூட வேன் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்ட வாயை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தைத்து வைத்திருந்தேன். எல்லாம் நான் பெற்ற மகனுக்காக.

எங்கள் ஊருக்கு மேற்கே நத்தையேரி. கல்வராயன் மலையில் நல்ல மழை பிடித்தால் மறுநாள் எங்கள் வாய்க்காலில் செந்தண்ணீர் வந்துவிடும். கோடையில் ஏரி வற்றும். ஆனால் மேலண்டைப் பக்கம் மட்டும் எந்தக் கோடைக்கும் காயாது. உளை என்போம் அதை. கால் வைத்தால் முட்டி வரைக்கும் இழுக்கும். கோரையும் சம்பும் ஆள் உயரம் நிற்கும். நத்தை பொறுக்க நாரை வரும், நாங்களும் போவோம். ஊர்க் கிணறெல்லாம் அந்த உளையை நம்பித்தான் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த உளையில்தான் ரோடு போட வந்த கம்பெனிக்காரன் குப்பையைக் கொட்டினான். புறவழிச்சாலையை அகலம் பண்ணுகிறார்கள். பழைய ரோட்டைப் பெயர்த்த தார்க்கட்டி, இடித்த பாலத்தின் காங்கிரீட், கம்பி என்று டிப்பர் லாரி நாள் முழுக்கக் கொட்டியது. மேலே செம்மண்ணைப் போட்டு மேடாக மெத்தி, கலவை மெஷினையும் வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஊர்க்காரர்கள் கேட்கப் போனபோது கம்பெனி சார்பில் முன்னால் வந்து பதில் சொன்னது யார் தெரியுமா? சூப்பர்வைசர் ஜோஸ்வா. என் மகன். "தற்காலிகம்தாங்க, வேல முடிஞ்சதும் எடுத்துடுவாங்க" என்றான். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னைத் திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். என் வீட்டுக்காரர் வியாகுலம், பையனுக்கு மீசை முளைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சேற்றில் நின்று நின்று என் கால்விரல் இடுக்கெல்லாம் புண். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவனை டிப்ளமா படிக்க வைத்தேன். அவன் ஹெல்மெட்டும் பச்சை மினுக்குச் சட்டையும் போட்டுக்கொண்டு வண்டியில் போகும்போது எனக்குத் தலைகால் புரியாது. ஏரி எங்கே போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வெட்கங்கெட்டவள்.

ஆனி மாதம் ஒரு நாள் சோறு தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

"யம்மா, ஒரு வேல இருக்குது. நம்ம செட்டக் கூட்டிக்கினு வரணும்."

"இன்னா வேல?"

"ஏரில கோரை நடணும்."

"கோரையப் போயி எவனாவது நடுவானாடா? தானா மொளைக்கிற சனியன் அது."

"கம்பெனில மனசு மாறிட்டாங்கம்மா. மெஷினெல்லாம் எடுத்துட்டாங்க. உளைய பழையபடி ஆக்கித் தரப் போறாங்க. வண்டல் போட்டு ரொப்பிக்கினு இருக்காங்க."

"இன்னா திடீர்னு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பசுமைத் தீர்ப்பாயத்துல எவனோ கேஸு போட்டுட்டான். புதன்கெழம ஆபீசருங்க வந்து பாக்கறாங்களாம்."

"அப்ப மனசு மாறல. வவுறு கலங்கிடுச்சி."

சிரித்துவிட்டான். சிரித்தால் அப்படியே அவன் அப்பா. "ஏதோ ஒண்ணும்மா. நடந்தா நல்லதுதான? இது மட்டும் ஒழுங்கா முடிஞ்சா என்ன பர்மனென்ட் பண்றேன்னு விஜயராகவன் சாரு சொல்லியிருக்காரு. ஏதாவது கெட்டுப்போச்சின்னா மொதல்ல வூட்டுக்குப் போறவன் நான்தான்."

விஜயராகவன் என்பவர் கம்பெனி மேனேஜர். பேண்டில் ஒரு துளி சேறு படாமல் ஏரி வேலை பார்க்கிற மனுஷன். அவர் சொல்லை நம்பலாமா என்று நான் யோசிக்கவில்லை. உளையும் திரும்ப வரும், பையனுக்கும் வேலை நிலைக்கும், ஊருக்குள் நானும் நிமிர்ந்து நடக்கலாம் என்று மனசு கிடந்து துள்ளியது. மறுநாளே செட்டைக் கூட்டிக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டேன்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் நிறையத் தாளோடு பிடுங்கிய கோரைக் கிழங்கு வந்து இறங்கியிருந்தது. ஏரியில் மிச்சம் கிடந்த தண்ணீரை மோட்டார் வைத்து உளைப் பக்கம் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் கறுகறுவென்று சேறு, மேலே பளபளவென்று தண்ணீர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாய் இறங்கினேன்.

கால் இறங்கவில்லை. முட்டி வரைக்கும் இழுக்கிற இடத்தில் கணுக்கால்கூட முழுசாகப் புதையவில்லை. விரலை அழுத்திப் பார்த்தேன். அடியில் தார்க்கட்டி. நகர்ந்து வேறு இடத்தில் வைத்தேன். அங்கேயும் அதேதான். குப்பையை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் தோசைக்கு மாவு ஊற்றுகிற மாதிரி வண்டலை ஊற்றியிருக்கிறான்!

அந்நேரம் பவானி "ஐயோ" என்று காலைத் தூக்கினாள். உள்ளங்காலில் கம்பி குத்திவிட்டது. ரத்தம் சேற்றில் சொட்டியது.

"இன்னாக்கா இது? அடியில எல்லாத்தயும் வெச்சிக்கினு மேல பூசிக்கினு இருக்கானுங்க?"

என் முந்தானைத் துணியைக் கிழித்து அவள் காலில் கட்டினேன். கட்டிக்கொண்டே சொன்னேன், "வாய மூடிக்கினு நடு, பவானி. எம் புள்ள பொழப்பு இது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் செட்டில் யாரையும் நான் வாயை மூடு என்று சொன்னதே கிடையாது. பேசிக்கொண்டே நடுகிற செட்டு எங்களுடையது. அன்றைக்கு அவள் நொண்டிக்கொண்டே நட்டாள். ஒருத்தியும் பேசவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஊரே சிரித்துவிட்டது. வேளாண்மை ஆபீசில் எங்களுக்கு ஒற்றை நாற்று நடவு சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து கயிறு இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது. இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். கயிற்றில் முடிச்சு போட்டிருக்கும். முடிச்சுக்கு ஒரு நாற்று. ஒரு வரிசை முடிந்ததும் கயிறு பின்னால் நகரும். கூட்டுறவு விழாவில் எங்கள் செட்டுக்குக் கப்பெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கும் யாரும் யாரையும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் இசைவாணி கயிற்றை எடுத்து எறிந்தாள், எதிர்ப்பக்கம் ஒருத்தி பிடித்தாள், நாங்கள் குனிந்தோம். நெல்லா கோரையா என்று கைக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் ஏறிவந்து கரையில் நின்று பார்த்தோம். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு கோரை முன்பின் விலகவில்லை. குறுக்கே பார்த்தாலும் வரிசை, கோணலாய்ப் பார்த்தாலும் வரிசை. அடியில் இருப்பதைக்கூட நான் மறந்துபோனேன். அவ்வளவு அழகு.

ஜோஸ்வா வந்தான். "சூப்பர்மா! ஸ்கேல் வெச்சி கோடு போட்ட மாரி இருக்குது" என்றான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து நான் நட்ட வரிசையைப் பார்த்து வளர்ந்தவன். செல்போனில் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினான். அந்த மனுஷர் மெட்ராஸில் ஏதோ மீட்டிங்கில் இருந்துகொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினார். அதோடு சரி.

"புதன்கெழம நீங்க யாரும் ஏரிப் பக்கம் வந்துடாதீங்க" என்று மட்டும் ஜோஸ்வா சொல்லிவிட்டுப் போனான். போகாமல் இருக்க முடியுமா? நாம் செய்த வேலையைப் பெரிய பெரிய ஆபீசர்கள் வந்து பார்க்கும்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு உளுந்தா புடைப்பது? ஆளுக்கொரு அரிவாளை எடுத்துக்கொண்டு, புல்லறுக்கிற சாக்கில் செட்டு மொத்தமும் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஜீப்பும் காரும் வரிசையாக வந்தன. தாசில்தார் ஆபீஸ் ஆட்கள், பொதுப்பணிக்காரர்கள், போலீஸ். எல்லாருக்கும் முன்னால் ஒரு அம்மா. ஒல்லியாக, சுடிதாரும் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூவுமாக வந்தாள். சந்திரலேகா மேடம் என்று பிறகு தெரிந்தது. அவள்தான் இந்தக் குழுவுக்குப் பெரிய ஆபீசர். மேனேஜர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பக்கம் நாங்க கையே வெக்கல, மேடம். எப்பவும் இப்படித்தான் இருக்கும். நேச்சுரல் கோரை" என்று கையை நீட்டிக் காட்டினார்.

மேடம் கரையில் நின்று பார்த்தாள். முதலில் வாயைக் கையால் மூடினாள். அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டாள். "ஏன் சார், இது கோரையா, இல்ல பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பிரேயருக்கு நிக்கறாங்களா?"

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் அப்போதுதான் கோரையை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். அவர் மூஞ்சியில் ரத்தம் வற்றியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைச் சொல்லும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த மேடம் மெச்சிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அரிவாளைக் கீழே போட்டேன். சேலையை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய முன்னால் போய், "எங்க செட்டு நட்டதுங்க, மேடம். ஒரு வரிசை தப்பாது" என்றேன்.

எல்லாச் சிரிப்பும் நின்றது.

மேனேஜரும் லேசுப்பட்டவர் இல்லை. மூச்சு விடுகிற நேரத்துக்குள் ஆளே மாறிப்போனார். "பாத்தீங்களா, மேடம்? அவங்களே ஒத்துக்கறாங்க. பாய்க்கோரை சாகுபடி. ஏரிய மெத்தி ஆக்கிரமிப்புப் பண்ணி வெச்சிருக்காங்க. நாங்க எத்தனையோ தடவ சொல்லிட்டோம், கேக்கறதில்ல. பழி மட்டும் கம்பெனி மேல. ஜோஸ்வா, நீ லோக்கல்தான, சொல்லுப்பா."

ஜோஸ்வா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "ஆமாங்க, மேடம்" என்றான்.

"மண்ணக் கொட்டினதும் இவங்கதானா?"

"ஆமாங்க. ஊர்க்காரங்கதான்."

மேடம் என்னைக் காட்டினாள். "இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது, மேடம். யாராவது கூலிக்கு நடற பொம்பளைங்களா இருக்கும்."

 பக்கத்தில் என் செட்டு வந்து நிற்கிறது. பவானி கட்டுப் போட்ட காலோடு நிற்கிறாள். ஒருத்திகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவமானம், எனக்காக.

மேடம் என் பக்கம் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஏரிய ஆக்கிரமிச்சா கேஸ் ஆகும், தெரியுமில்லம்மா? உங்க எல்லார் பேர்லயும் ஆகும். நீங்களா நட்டீங்களா? யாராவது நடச் சொன்னாங்களா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அதைத்தான் பிறகு யாருக்கும் சொல்ல முடியாமல் சுமந்துகொண்டு திரிந்தேன். 'நாங்களாத்தாங்க நட்டோம், மண்ணும் நாங்கதான் கொட்டுனோம்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் மகன் பிழைப்பான். கேஸை எல்லாருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம், ஏழைப் பொம்பளைகளை என்ன செய்துவிடுவார்கள் என்று கணக்கும் போட்டுவிட்டேன். பக்கத்தில் என் செட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தாமதிக்கிறேன் என்று ஜோஸ்வாவுக்குப் பயம் வந்துவிட்டது போல. குரலை உயர்த்தினான். ரோட்டில் பிச்சை கேட்கிறவளை அதட்டுகிற குரல்.

"இன்னா ஆயா, மேடம் கேக்கறாங்க இல்ல? வாயத் தொறந்து சொல்லு!"

ஆயா.

அவ்வளவுதான். எனக்கு ஏரி மறந்தது, ஆபீசர் மறந்தது, அவன் வேலை மறந்தது.

"எவடா ஆயா? பெத்தவளப் பாத்து ஆயான்றியா? இந்த வவுத்துலேர்ந்து வந்தவன்தான நீ? நேத்து வரைக்கும் என் கையால துன்ன சோறு உன்ன ஆயான்னு சொல்லச் சொல்லுதாடா? நீதான்டா கோரை நடணும்னு கூப்புட்ட? நீதான்டா சூப்பர்மான்னு போட்டோ புடிச்ச? இந்தப் பொம்பளைங்களக் கூலிக்காரின்றியே, பவானி கால்ல குத்துன கம்பி யாரு ரோட்டுக் கம்பிடா? கடப்பாரைய எடுத்து ஒரு குத்துக் குத்துங்க மேடம், கீழ அத்தினியும் இவங்க தாரு, இவங்க காங்கிரீட்டு!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். பவானி வந்து என் தோளைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். ஜோஸ்வா அசையாமல் நின்றான். ஹெல்மெட் கையிலிருந்து நழுவி உருண்டது, அதை எடுக்கக்கூட அவன் குனியவில்லை. நான் பெற்ற பிள்ளையை என் கண்ணெதிரே நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடம் பொதுப்பணிக்காரர்கள் பக்கம் திரும்பினாள். கடப்பாரை கொண்டுவரச் சொன்னாள். எங்கள் வரிசைக்கு நடுவே குத்தினார்கள். முதல் குத்திலேயே 'ணங்' என்றது. மண்வெட்டியால் தள்ளினால் தார்க்கட்டி தார்க்கட்டியாக வந்தது. வெள்ளைக் கோடு போட்ட பழைய ரோட்டுத் துண்டு ஒன்று வந்தது. அதைப் போட்டோ எடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. அந்தப் பக்கம் ரோட்டு வேலையை நிறுத்தி வைத்தார்கள். கொட்டியதெல்லாம் கம்பெனி தன் சொந்தச் செலவில் அள்ளியாக வேண்டும், அபராதமும் கட்டியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. விஜயராகவன் சார் வேறு மாவட்டத்து வேலைக்கு மாறிப்போனார். அவர் போவதற்கு முன்பே, எல்லாம் சூப்பர்வைசர் தானாகச் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. ஜோஸ்வாவுக்கு வேலை போனது. அவன் பேரில் கேஸும் ஆனது. விசாரணை என்று கூப்பிடும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான். மற்ற நேரம் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஆபீசில் சுமை ஏற்றி இறக்குகிறதைப் பார்த்துக்கொள்கிறான்.

எனக்கு என்ன நடந்தது தெரியுமா? நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன்! பேப்பரில் போட்டோ வந்தது. ஏரியைக் காக்கப் பெற்ற மகனையே காட்டிக்கொடுத்த தாய் என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் என் பேரைச் சொன்னார். உண்மைக்குச் சாட்சி சொல்வது எப்படி என்று அமலோற்பவத்தைப் பாருங்கள் என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஜெபமாலையை உருட்டுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன். பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் இருந்தால் புகுந்திருப்பேன். மாதாவே, உனக்குத் தெரியும், நான் உண்மைக்காகவா வாயைத் திறந்தேன்?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஜோஸ்வாவைத்தான் தாங்க முடியவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. ஒரு வாரம் வாயே திறக்காமல் கிடந்துவிட்டு ஒரு நாள் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான்.

"யம்மா. நீ செஞ்சதுதான் நியாயம்."

நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"வேற எவளா இருந்தாலும் புள்ளைக்காவ பொய் சொல்லியிருப்பா. நீ சொல்லல. நான்தான் உன் வவுத்துல பொறந்துட்டு இப்டி ஈனமாப் போயிட்டேன். உன்னப் போயி ஆயான்னேன் பாரு." அழுதான். வளர்ந்த பிள்ளை, வாசற்காலில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'அப்டி இல்லடா, நானும் பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்' என்று ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. அவன் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. படிப்பு வந்த நாளிலிருந்து அவனுக்கு நான் ஏதோ சேற்றுக்கால் பொம்பளை. இப்போது திடீரென்று பெரிய நியாயக்காரியாகப் பார்க்கிறான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "சாப்புட வா" என்றேன். உட்கார்ந்து சாப்பிட்டான். நானும் எதிரில் உட்கார்ந்து, திருட்டுச் சோறு தின்கிறவள் மாதிரி தின்றேன்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபை. தலைவர் தெய்வசிகாமணி எனக்குச் சால்வை போர்த்தப் போகிறார் என்று முந்தின நாளே ஆள் அனுப்பினார். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். ஜோஸ்வாதான் விடவில்லை. "போம்மா. நீ போயி நிக்கறதுதான் எனக்கும் மரியாத" என்று வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

நல்ல கூட்டம். என் செட்டு முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஏரியில் அன்றைக்கும் டிப்பர் லாரி சத்தம் கேட்டது, குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதி உளையில் தண்ணீர் கோத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் சால்வையைப் போர்த்தினார். "பெத்த புள்ளன்னுகூடப் பாக்காம, நம்ம ஊருக்காவ, நம்ம ஏரிக்காவ..." என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் கை தட்டியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால் தன் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜோஸ்வாவும் கை தட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் தட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வார்த்த பேசும்மா" என்று தலைவர் மைக்கைக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு 'நன்றி' என்று சொல்லி இறங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கைத்தட்டல் என் உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க நெனக்கிற மாரி இல்ல" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "ஏரிக்காவ நான் பேசல. ஏரி மூடறப்பயும் நான் பேசல. அடியில தாரு இருந்தது தெரிஞ்சிதான் கோரை நட்டேன். பவானி கால்ல ரத்தம் வந்தப்ப வாய மூடுன்னேன். அன்னிக்கி மேடம் கேட்டப்ப, எல்லாம் எங்க செட்டுதான் பண்ணுச்சின்னு சொல்றதுக்கு வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள அவன் என்ன ஆயான்னு கூப்புட்டுட்டான். அந்த எரிச்சல்ல கத்துனேன். அவன் சும்மா நின்னுக்கினு இருந்திருந்தா, கேஸ இவளுங்க தலைல கட்டிட்டு, எம் புள்ளயக் கூட்டிக்கினு நான் வூட்டுக்குப் போயிருப்பேன்."

 தலைவர் மைக்கை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. நான் சால்வையை எடுத்து மடித்து மேசை மேல் வைத்தேன். என் செட்டின் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் இறங்குகிற வழி அவர்கள் முன்னால்தான் இருந்தது.

பவானி எழுந்து வந்து கையைக் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள் மெதுவாக. "நீ வாயத் தொறந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தமே. எறங்கு."

இசைவாணி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தட்டுவதற்காகச் சேர்த்த கை சேர்த்தபடியே இருக்க, ஜோஸ்வா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்ற எங்களில் தெரியாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.